முதலில் லைன், பிறகு ராடு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் தளும்பும் நாட்களில் காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர்ப் பக்கத்துக் கரைகளில் தூண்டில்காரர்களைப் பார்க்கலாம். கையில் மூங்கில் கழி, அதில் முடிந்த தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, அதற்குக் கீழே சின்ன ஈயக்குண்டு, முள்ளில் மண்புழு. கழியைத் தேர்ந்தெடுக்கும்போது அடியைப் பிடித்து ஒரு முறை சுண்டி ஆட்டிப் பார்ப்பார்கள். நுனி துள்ள வேண்டும். துள்ளல் சட்டென்று அடங்கவும் வேண்டும். ஆடிக்கொண்டே இருக்கும் கழி உதவாது, விறைத்து நிற்கும் கழியும் உதவாது. ஃப்ளை ஃபிஷிங் ராடு வாங்கப் போகிறவர் கடையில் முதலில் செய்து பார்க்க வேண்டிய சோதனையும் இதுதான்.

அதற்குப் பிறகுதான் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன. ஏரித் தூண்டிலில் எடை முழுக்க நரம்பின் கடைசியில் இருக்கிறது. ஈயமும் புழுவும் பறக்க, நரம்பு பின்னாலேயே ஓடுகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் இரை என்பது முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சி. ஊதினால் பறந்துவிடும் அதை யாராலும் தூர எறிய முடியாது. அதனால் எடையை லைனுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ராடு எறிவது லைனைத்தான். பூச்சி அதோடு சேர்ந்து போய் இறங்குகிறது. இது மனதில் பதிந்துவிட்டால், கடையில் எதை முதலில் கேட்பது என்ற குழப்பம் இருக்காது. முதலில் லைன், பிறகு அதற்கேற்ற ராடு, கடைசியில் லைனைச் சுற்றி வைக்கும் ரீல்.

லைனுக்கு எண் உண்டு. அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர்களின் சங்கம் 1960-களின் தொடக்கத்தில் வகுத்த கணக்கு இன்றும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகிறது. லைனின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்து எண் கொடுக்கிறார்கள். 5-ஆம் எண் லைனில் அந்த 30 அடி 140 கிரெய்ன், அதாவது 9 கிராம். ஒரு சவரன் தங்கத்துக்குச் சற்றே கூடுதல். 8-ஆம் எண்ணுக்கு 210 கிரெய்ன், 13 கிராமுக்கு மேல். ராட்டின் கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும் எண்ணும் இதே எண்தான். 8-ஆம் எண் ராட்டில் 5-ஆம் எண் லைனைப் போட்டால் ராடு வளையவே வளையாது. மாற்றிப் போட்டால் துவண்டுவிடும். எவ்வளவு பேர்பெற்ற கம்பெனியின் ராடாக இருந்தாலும் இந்தப் பொருத்தம் இல்லையென்றால் லைன் காலடியிலேயே சுருண்டு விழும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த லைனின் பழைய கதை பிடிக்கும். இரண்டாம் உலகப் போர் வரைக்கும் நல்ல ஃப்ளை லைன் என்றால் அது பட்டுதான். பட்டு இழைகளைப் பின்னி, ஆளிவிதை எண்ணெய் ஏற்றி, ஊறவைத்துக் காயவைத்து மெருகேற்றுவார்கள். மீன்பிடித்து வந்த அன்றே ரீலிலிருந்து கழற்றி நிழலில் உலர்த்தாவிட்டால் மக்கிப் போகும். லைனுக்கும் பூச்சிக்கும் நடுவில் வரும் மெல்லிய நரம்பும் பட்டுப்புழுவிடமிருந்து வந்ததே. கூடு கட்டத் தயாராக இருக்கும் புழுவின் பட்டுச் சுரப்பியை எடுத்து நீட்டி உலர்த்துவார்கள். ஸ்பெயினின் மூர்சியா வட்டாரத்துக்கு அது பெரிய தொழில். ராட்டின் மேல் வளையங்களைக் கட்டிய நூலும் பட்டுநூல்தான். போருக்குப் பின் நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்து பட்டை ஒதுக்கின.

ராட்டின் கதையும் இந்தியாவைத் தொட்டுத்தான் போகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த சாமுவேல் ஃபிலிப்பி மூங்கிலைக் கீற்றாகப் பிளந்து ஒட்டி ராடு செய்தார். 1870-களில் மெய்ன் மாநிலத்தின் ஹிராம் லெனார்டு ஆறு கீற்று ராடுகளைத் தொழிலாகவே நடத்தினார். ஒவ்வொரு கீற்றையும் முக்கோணமாக இழைத்து, பளபளப்பான மேல்தோலை வெளிப்பக்கம் வைத்து ஆறையும் ஒட்டினால் அறுகோணக் கோல் கிடைக்கும். வலுவான நார் மேல்தோலுக்கு அடியில்தான் இருக்கிறது என்பதே அந்த வேலையின் சூட்சுமம். அந்த மூங்கில் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போனது. வியாபாரத்தில் அதற்குக் கல்கத்தா மூங்கில் என்றே பெயர். நம் ஊரில் கல்மூங்கில் எனப்படும் இனமே அது என்பார்கள். தீயில் வாட்டிய தழும்பும் வண்டு துளைத்த ஓட்டையும் அதில் மலிந்திருந்ததால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்தின் டோன்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. பிறகு கண்ணாடி இழை வந்தது. 1970-களில் கார்பன் இழை வந்தது. இன்று கடையில் கிடைப்பவை அநேகமாகக் கார்பன்தான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுவே போதும்.

ஏரிக்கும் இந்தக் கோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சலிவன் தாமஸ் 1873-ல் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதோடு நிற்காமல், 1887-ல் ஏரி, குளங்களுக்கென்றே தனிப் புத்தகம் கொண்டுவந்தார். ஏரியைச் சாதாரணமாக எண்ணுகிறவர்கள் உத்திரமேரூரையும் நினைக்க வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில், 919-லும் 921-லும், ஏரிக்கென்றே ஒரு வாரியம் அமைக்க விதி எழுதிய ஊர் அது.

ஏரிக்கு என்று பார்த்தால் மீன்தான் எண்ணை முடிவு செய்யும். கட்லா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன். அதற்காகப் பூச்சி கட்டி வைத்துக் காத்திருப்பதில் பலனில்லை. சின்னக் கெண்டைகளும், 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபியும் சிறிய பூச்சியைக் கவ்வும். அவற்றுக்கு 4 அல்லது 5-ஆம் எண் தாராளம். விராலுக்கு அது பற்றாது. விரால் ஆம்பல் இலைக்கு அடியில் பதுங்கி, மேலே தத்திப் போகும் தவளையைப் பாய்ந்து பிடிக்கும். தவளை வடிவில் கட்டிய பெரிய பூச்சியைக் காற்றில் கொண்டுபோகவும், கவ்வியவுடன் கொடிக்குள் நுழையவிடாமல் இழுக்கவும் 8-ஆம் எண் வேண்டும். ஒரே ராடு வாங்கப் போகிறவர், விராலை மனதில் வைத்து 8-ஆம் எண்ணில் 9 அடி நீளமாக, நான்கு துண்டாகக் கழற்றக்கூடியதாக வாங்குவதே நல்லது. திறந்த ஏரியின் காற்றையும் அது சமாளிக்கும்.

கரையில் நின்று எறிகிறவருக்கு முதுகுப் பக்கம்தான் தொல்லை. லைன் முன்னால் போவதற்கு முன் அதே நீளத்துக்குப் பின்னால் விரிய வேண்டும். அங்கே கருவேல முள் காத்திருக்கும். தண்ணீரில் கிடக்கும் லைனை அப்படியே முன்னால் உருட்டிவிடும் ரோல் காஸ்ட் முறையைத்தான் இங்கே முதலில் பழக வேண்டும். அதற்கு மிக விறைப்பான ராடு ஒத்துவராது, நடுப்பாகம் வரை வளைவது வேண்டும். வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளிர்நாட்டு ஆறுகளுக்குச் செய்த லைன் சித்திரை வெயிலில் இளகிப் பிசுபிசுத்து வளையத்தில் ஒட்டும். வெப்பநாட்டுக்கென்று உள் இழையை விறைப்பாகச் செய்த லைன் தனியாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ரீலுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. காவிரி, மோயாறு போன்ற ஆறுகளின் மஹசீர் மீன் ஒரே ஓட்டத்தில் லைனை முழுக்க உருவிக்கொண்டு போகக்கூடியது. அங்கே நல்ல பிரேக்கும், லைனுக்கு அடியில் நூறு மீட்டருக்கு மேல் துணைக்கயிறும் இல்லாமல் முடியாது. ஆனால் காவிரி வடிநிலத்துக்கே உரிய திமில் மஹசீர் 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதை மனதில் வைத்து யாரும் ரீல் வாங்க வேண்டாம். விரால் தூரம் ஓடாது, பக்கத்துக் கொடிக்குள்தான் பாயும். அதை நிறுத்துவது கையும் ராடும்தான். லைனைச் சிக்கலில்லாமல் சுற்றி வைத்துக்கொள்ளும் எளிய ரீல் போதும்.

நீலகிரிக்குப் போகிற எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. அங்கே 1860-களிலேயே டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்றார்கள். எச். சி. வில்சன் 1907 வாக்கில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் நிலைத்தது. அந்தக் குறுகிய ஓடைகளுக்கு 3, 4-ஆம் எண்ணும் 8 அடிக்குட்பட்ட ராடும் சரி. அங்கே பெரும்பகுதி காடு என்பதால் வனத்துறையிடமும் மீன்வளத்துறையிடமும் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

ஏரியிலும் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரிடம் சொல்லாமல் லைனை அவிழ்ப்பது முறையல்ல. பார்ப்பு விட்டிருக்கும் விராலின் மேல் எறியவும் கூடாது. சிவந்த குஞ்சுகள் கும்பலாக நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல் தெரியும். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். எதைப் போட்டாலும் கோபத்தில் கவ்வும், பிடிப்பதும் சுலபம். அவை இரண்டும் போய்விட்டால் அந்தக் குஞ்சுகள் அன்றைக்கே மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் இரையாகிவிடும்.