பத்துமலைக்கு அப்பா அம்மாவுடன்!

பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் பிள்ளைகள், "அப்பாவால முடியாது" என்று தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள். தினமும் நடைப்பயிற்சி போகும் எழுபது வயதுக்காரருக்கு, மலேசியாவின் பத்துமலையில் 272 படிகள் பெரிதல்ல. உச்சி வெயில்தான் பெரிது.

அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலிலிருந்து ரயில் உண்டு. படிகள் செங்குத்தானவை, வழுக்காத காலணி அவசியம். கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் பறித்துவிடும். 140 அடி முருகன் சிலையைப் படம் பிடிக்க மகன் கீழே நிற்பதற்குள், அம்மா பாதிப் படி ஏறியிருப்பார்! மூட்டு வலி இருந்தால் அடிவாரக் கோயில்களிலேயே தரிசிக்கலாம்.

மதியம் அறையில் ஓய்வு. மாலையில் ஒரே ஓர் இடம் போதும். மாத்திரைகளும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால், அதற்கும் பயணக் காப்பீடு பொருந்துமா என்று கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், டிக்கெட் போடுவதற்கு முதல் நாள், "எங்கப்பா போகலாம்?" என்று கேளுங்கள். இத்தனை வருடம் பிள்ளைகளின் லீவைப் பார்த்தே ஊருக்குக் கிளம்பியவர்கள் அவர்கள்.