வாத்து இல்லாத வாத்துக் கறி

நான் புலால் பிரியன். என் மனைவியோ முட்டையைக் கண்டாலே முகம் சுளிப்பவள். வெளியூர் போனால் ஒருவர் சாப்பிட, மற்றவர் காப்பியுடன் காத்திருப்பதுதான் வழக்கம்.

ஷாங்காய் நகரில் 'கோங்டெலின்' என்று ஒரு சைவ உணவகம். பௌத்த அன்பர்கள் 1922-ல் தொடங்கியது. அங்கே தட்டில் வந்து இறங்கியது வறுத்த வாத்து! சோயாப் பால் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையை அடுக்கடுக்காக மடித்துச் செய்ததாம். எனக்குக் கொண்டாட்டம். அவளோ, "சைவந்தான், ஆனா பார்த்தா வாத்தாயிருக்குதேங்க!" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள். காளான் நூடுல்ஸ் வந்த பிறகே அவள் முகம் மலர்ந்தது.

சைவக் கடையில் வாத்து உருவம் எதற்கு? என்னைப் போன்ற விருந்தாளியும் அதே மேஜையில் வயிறார உண்ணட்டும் என்றுதான்.

நீங்களும் செய்து பார்க்கலாம். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி ஊறவிட்டு, தண்ணீரில் அலசுங்கள். மாவுச்சத்து பால்போல் கரைந்தோடும். ரப்பர்போல் கையில் எஞ்சுவது கோதுமைப் புரதம். அதை வேகவைத்து, துண்டு போட்டு, மசாலாக் குழம்பில் சேருங்கள். இரு கட்சியும் வாழும் வீட்டுக்கு ஒரே குழம்பு!

வாத்து உருவம் மட்டும் வேண்டாம்.