சுரண்டைப் புற்றுக்காளான்: சட்டியில் போடும் முன் வேரைப் பாருங்கள்!

தென்காசியிலிருந்து கிழக்கே வர வர குற்றாலச் சாரலின் ஈரம் குறைந்துவிடும். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன சுரண்டையைச் சுற்றி மானாவாரி நிலமும் பனைமரமும் கரையான் புற்றும்தான். இடியோடு நல்ல மழை பெய்தால், மறுநாளே காளான் தேடிக் கிளம்பிவிடுவார்கள்.

கறிக்குழம்புக்கு ஈடான ருசி கொண்ட இந்தப் புற்றுக்காளானை வளர்ப்பது கரையான்கள். காய்ந்த இலை, கட்டைகளை மென்று, புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டமே போடுகின்றன. அதனால்தான் சிப்பிக்காளான், பால்காளான் போல இதைக் குடில் போட்டு வளர்க்க முடிவதில்லை.

எப்படி அடையாளம் காண்பது? இழுத்துப் பிடுங்காமல், மெதுவாகத் தோண்டுங்கள். தண்டின் அடி நீண்டு, வேர்போல மண்ணுக்குள் புற்றை நோக்கி இறங்கும். குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். அடிமடிப்புகள் வெள்ளையாக இருந்து, பிறகு இளஞ்சிவப்பாகும்.

புல்வெளியில் முளைக்கும் குடைக்காளான் ஒன்றும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அதன் குடைமேல் பழுப்புச் செதில், தண்டில் வளையம். முற்றினால் மடிப்புகள் பச்சையாகும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வாட்டிவிடும்.

இதைவிடக் கொடியது அமானிட்டா இனத்தின் சில வகைகள். தண்டின் அடியில் முட்டை ஓடு போல ஒரு உறை இருக்கும். விஷம் தெரிய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வாந்தி நின்று உடம்பு தேறியதுபோலத் தோன்றும். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள்.

வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. கொதிக்க வைத்தாலும் அமானிட்டா விஷம் போகாது.

இத்தனை அடையாளமும் பொருந்தினாலும், பல வருடம் பறித்துப் பழகிய பெரியவரிடம் காட்டாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். சிறு சந்தேகம் வந்தாலும் தூக்கி எறியுங்கள். சாப்பிட்டபின் வயிற்றைப் புரட்டினால் கைவைத்தியம் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். மிச்சக் காளானையும் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

மழை அடுத்த வருடமும் வரும், காளானும் முளைக்கும். சாப்பிட நாம் இருக்க வேண்டுமே!