கீழ்வீட்டு அக்கா தூங்கட்டும்

பகல் இரண்டரை மணிக்கு எங்கள் வீட்டு அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் கீழ்வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். தலைமுடி கலைந்து, கண்கள் சிவந்து, பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தவர் போல இருந்தார்.

“தம்பி, தப்பா நினைக்காதீங்க. நான் மருத்துவமனையில தாதியா இருக்கேன். இந்த மாசம் பூரா இரவு வேலை. காலையில பத்து மணிக்குத்தான் படுக்கிறேன். மூணு வாரமா பொறுத்துப் பார்த்தேன், முடியல.”

என் தோளில் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. சத்தம் எங்கள் வீட்டிலிருந்து வரவில்லை என்று சொல்ல வழியே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவரும் சங்கடத்தோடு சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

நாங்கள் இருப்பது சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில், பஃபலோ ரோட்டில் உள்ள கழக வீடு. கீழே தேக்கா சந்தை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் பேட்டையில் எவ்வளவு கூட்டம் சேரும் என்று உங்களுக்குத் தெரியும். இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே என் ஒற்றைக் கிட்டாரா பெரிது என்று நினைத்திருந்தேன். அது தவறு. தெருச் சத்தத்தைச் சன்னல் ஓரளவு தடுத்துவிடும். மேல்வீட்டுச் சத்தமோ கான்கிரீட் தரை வழியாகவே இறங்கிவிடும். அதற்கு ஏது சன்னல்?

விதிப்படி என்மீது குற்றமில்லை. வீவக சொல்லிவந்த அமைதி நேரம் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை. 2022ல் அண்டைவீட்டுச் சத்தம் குறித்து ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கலாம் என்று பரிந்துரைத்தது. நான் வாசித்தது பட்டப்பகலில். ஆனால் அந்த அக்காவுக்கு இரவு என்பதே பகலில்தான் வருகிறது. காலை நிகழ்ச்சிக்காக விடியற்காலை மூன்றே முக்காலுக்கு எழுந்து ஓடும் எனக்கு, மற்ற எவரையும்விட அது முன்பே புரிந்திருக்க வேண்டும்.

சரி, கிட்டாரை மூட்டை கட்டி அலமாரிமேல் போட்டுவிடலாமா? முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

போன ஆண்டு என் தொண்டை கெட்டுப்போனது. குரல்நாணில் சிறு முடிச்சுகள் என்றார் மருத்துவர். இரண்டு வாரம் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். பேசிப் பிழைப்பவனுக்கு அது எப்படிப்பட்ட தண்டனை என்று சொல்லத் தேவையில்லை. ஊடகத்துறைப் பட்டத்துக்காகப் படித்த காலத்தில் வாங்கி, பாதியில் விட்ட மின்கிட்டார் ஒன்று வீட்டில் இருந்தது. அந்த இரண்டு வாரமும் அதுதான் எனக்கு வாய். குரல் திரும்பிய பிறகும் வேலை முடிந்து வந்ததும் தொண்டைக்கு ஓய்வு கொடுத்து, ஒரு மணிநேரம் விரல்களைப் பேசவிடுவது பழக்கமாகிவிட்டது.

நான் செய்த பிழை கிட்டாரில் இல்லை, ஆம்ப்பில். ‘5 வாட்தானே, வீட்டுக்குப் போதும்’ என்று பழைய வால்வு ஆம்ப் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருந்தேன். தாத்தா காலத்து வானொலிப் பெட்டியில் மங்கலாக ஒளிருமே, அதே வகைக் கண்ணாடிக் குழாய்கள் உள்ளே. சுவிட்சைப் போட்டதும் பேசாது. சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். 1947ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பின்னர் வானொலி சட்டைப்பைக்குள் அடங்கியது. ‘டிரான்சிஸ்டர்’ என்பதே அந்தச் சின்னப் பெட்டிக்குப் பெயராகிவிட்டது. அதே டிரான்சிஸ்டரைக் கொண்டு கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பைத்தான் கடைகளில் ‘சாலிட் ஸ்டேட்’ என்கிறார்கள்.

கிட்டார் வாசிப்பவர்களில் பலருக்கு வால்வு மீது பக்தி. அதில் நியாயமும் உண்டு. எல்லைமீறி முடுக்கும்போது வால்வு மெதுவாகக் கரகரக்கும். அந்தக் கரகரப்பு காதுக்கு இதமானது. டிரான்சிஸ்டரை அப்படி முடுக்கினால் சட்டென்று கத்தரித்தது போல ஒலி முறியும். ஆனால் வால்வின் அந்த இனிமையில் பெரும்பகுதி, ஒலியைக் கூட்டினால்தான் வரும். என் 5 வாட் ஆம்ப்பும் குமிழைப் பாதிக்குமேல் திருப்பினால்தான் அழகாகப் பாடியது. அப்படித் திருப்பித்தான் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தேன்.

வாட் கணக்கு நம்மை எளிதில் ஏமாற்றும். வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடுகிறது. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 10 வாட்டா 20 வாட்டா என்று கடையில் நின்று குழம்புவதில் பொருளில்லை. கிட்டாருக்கான 12 அங்குல ஒலிபெருக்கிக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே, ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் அளவுக்கு வந்துவிடும். நாம் இருவர் உட்கார்ந்து பேசுவது 60, 65 டெசிபல். அந்த அளவில் வாசிக்க வேண்டுமானால் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும்! எனக்கு வேண்டியது அந்த ஆயிரத்தில் ஒரு பங்கிலும் ஒழுங்காகப் பேசுகிற ஆம்ப்.

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் இருக்கிறதல்லவா, கிட்டார் கடைகளுக்குப் பெயர்போன இடம். ஒரு சனிக்கிழமை என் கிட்டாரையே தூக்கிக்கொண்டு அங்கே போனேன். கடை ஊழியர் ஒவ்வொரு ஆம்ப்பையும் முழங்க வைத்துக் காட்டினார். நான் ஒவ்வொன்றையும் குறைத்தேன். “இவ்வளவு மெதுவாக வைத்தால் எதுவும் தெரியாதே” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு அதுதான் தெரிய வேண்டும் என்றேன். நான் வைத்த சோதனை எளிது: வாசித்துக்கொண்டே ஊழியரிடம் பேசுவேன், குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும்.

அந்த அளவில் கேட்டபோதுதான் சில விஷயங்கள் பிடிபட்டன. சில ஆம்ப்களில் குமிழ் பூஜ்யத்தில் ஊமை, ஒரு மயிரிழை திருப்பினால் கூச்சல். நடுவில் எதுவும் இல்லை. வீட்டுக்கு அது ஆகாது. சிலவற்றில் வாசிக்காமல் இருக்கும்போது ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். மேடையில் யாருக்கும் கேட்காது, வீட்டில் அதுதான் முதலில் கேட்கும். 6 அங்குல ஒலிபெருக்கியில் தடித்த தந்திகள் மெலிந்து ஒலித்தன. 8 அங்குலத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. நூறு விதக் குரல்கள் கொண்ட டிஜிட்டல் ஆம்ப்களும் இருந்தன. நான்கு மணிநேரம் பொத்தான்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு, வீட்டிலும் அது வேண்டியதில்லை என்று தோன்றியது.

டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் மட்டம் என்ற எண்ணம் மட்டும் மனத்தின் ஓரத்தில் இருந்தது. அதை ஊழியரே போக்கினார். புளூஸ் மேதை பி.பி. கிங் பல ஆண்டுகள் மேடையில் வைத்திருந்தது ‘லேப் சீரிஸ்’ என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்தான் என்றார். ரோலண்டின் ‘ஜாஸ் கோரஸ்’ 120 வாட் ஆம்ப் 1975ல் வந்தது. தண்ணீர் போலத் தெளிந்த ஒலி என்று இன்றும் தேடிப் பிடிக்கிறார்கள். அதன் தம்பியான 30 வாட் ஜேசி-22ஐ வாசித்துப் பார்த்தேன். மனம் அங்கேயே நின்றுவிட்டது. பணப்பை சம்மதிக்கவில்லை.

கடைசியில் வாங்கியது ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்று: ஆரஞ்சு கிரஷ் 20ஆர்டி. 20 வாட், 8 அங்குல ஒலிபெருக்கி, கொஞ்சம் எதிரொலி, சுருதி சேர்க்கும் கருவி, கைப்பேசியிலிருந்து பாட்டைப் போட்டுக் கூடவே வாசிக்க ஒரு துளை, ஹெட்ஃபோன் மாட்ட ஒரு துளை.

‘ஹெட்ஃபோன் இருக்கிறதே, அதோடு தீர்ந்ததே பிரச்சினை’ என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டார். ஒலிபரப்புக் கூடத்தில் தினமும் நான்கு மணிநேரம் அதைக் காதில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் காதுக்குக் கொஞ்சம் காற்று வேண்டும். அவசரத்துக்கு அது இருக்கட்டும், அன்றாடத்துக்கு வேண்டாம்.

வீட்டில் எங்கே வைப்பது என்பதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. குரல் கெட்டபோது பேச்சுப் பயிற்சியாளர் என்னிடம் சொன்னார்: “கேட்கவில்லையே என்று குரலை ஏற்றாதீர்கள். மைக்கிடம் நெருங்கிப் போங்கள்.” பத்து ஆண்டுகள் ஒலிபரப்பில் இருந்தும் நான் அதைச் சரியாகக் கற்கவில்லை. உற்சாகம் என்றால் உரக்கப் பேசுவது என்றே நினைத்திருந்தேன். அதே பாடம் ஆம்ப்புக்கும் பொருந்தியது. தரையில் வைத்த ஆம்ப் நம் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. காதுக்கு எட்டவில்லை என்று குமிழைத் திருகுகிறோம், பாதி ஒலி தரைக்குள் இறங்குகிறது. இப்போது அதை நாற்காலிமேல், சுவரைவிட்டுத் தள்ளி, அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டு வைத்திருக்கிறேன். ஒலிபெருக்கி என் காதைப் பார்த்தபடி இருக்கும். தூரம் பாதியானால் 6 டெசிபல் இலவசம்.

ஒலி தாழும்போது காதுக்கு முதலில் குறைவது கீழ்ச்சுரங்கள்தான். அதை ஈடுகட்ட ‘பேஸ்’ குமிழைத் திருகக் கை பரபரக்கும். ஆனால் தரை வழியாக அக்காவின் தலையணைக்குப் போவதும் அதே கீழ்ச்சுரங்கள்தான். கையை அடக்கிக்கொள்கிறேன்.

புதிய ஆம்ப் வந்து ஒரு மாதம் கழித்து மின்தூக்கியில் அக்காவைப் பார்த்தேன். கையில் தேக்கா சந்தைப் பை.

“என்ன தம்பி, வாசிக்கிறதையே விட்டுட்டீங்களா? நான் சொன்னதால கோவமா?”

“இல்லக்கா, தினமும் ரெண்டரைக்கு வாசிக்கிறேன்.”

அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். ஆம்ப் வாங்கியதில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

இறங்கும்போது திரும்பி, “எனக்கு வியாழக்கிழமை ஓய்வு. அன்னைக்கு வேணும்னா கொஞ்சம் கூட்டி வாசிங்க. ஒரு பாட்டுல நடுவுல ஒரு இடம் வரும், எப்பவும் அங்க வந்து நின்னுடுவீங்க. அது சரியாயிடுச்சான்னு கேட்கணும்” என்றார்.

இன்னும் சரியாகவில்லை அக்கா. வியாழனுக்குள் சரிசெய்துவிடுகிறேன்.