குழுவில் சேராத பயணம்: இஸ்தான்பூலும் புர்ஸாவும்

வெளிநாடு என்றதும் நம் குடும்பங்களுக்கு இரண்டுதான் நினைவுக்கு வரும். ஒன்று ஹஜ், உம்ரா. மற்றது தொழிலுக்காக வளைகுடா. இரண்டிலும் நம்மை இன்னொருவர்தான் அழைத்துச் செல்கிறார். டிக்கட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. நாம் பின்னால் நடந்தால் போதும். கணவனும் மனைவியுமாகத் தாமே திட்டமிட்டு ஒரு நாட்டைப் பார்த்து வருவது நம்மவர்களுக்கு இன்னும் அவ்வளவாகப் பழக்கமாகவில்லை. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் கூறுவதைப் பல வருடங்கள் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்த பின், நானும் என் மனைவியும் துருக்கிக்கு அப்படிப் போய் வந்தோம்.

முதலில் கையிலிருக்க வேண்டியவை. விசா விபரத்தைத் துருக்கி அரசின் உத்தியோகபூர்வ தளத்தில் மட்டும் பாருங்கள். அதைப் போலவே தோற்றம் காட்டி மேலதிகப் பணம் கறக்கும் தளங்களும் உண்டு. கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மீதியிருக்கட்டும். அதன் பிரதியொன்றும், பணத்தில் ஒரு பகுதியும், தங்குமிடத்தின் விலாசம் எழுதிய தாளும் உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு நடப்பது நம் பெண்களின் வழக்கம். சன நெரிசலில் ஐந்து நிமிடம் பிரிந்தாலும் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

இஸ்தான்பூலில் இரண்டு விமான நிலையங்கள். ஒன்று ஐரோப்பியக் கரையில், மற்றது ஆசியக் கரையில். தங்குமிடத்தை ஒழுங்கு செய்யுமுன் டிக்கட்டில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் போக்குவரத்துக்கு ‘இஸ்தான்பூல் கார்ட்’ என்ற அட்டை போதும். பஸ், டிராம், படகு, 2013 முதல் கடலுக்கடியில் ஓடும் மர்மராய் ரயில் எல்லாவற்றுக்கும் அது செல்லும். ரயில் வேகமானதுதான். ஆனாலும் நான் படகையே சொல்வேன். எமினோனுவில் ஏறினால் சிறிது நேரத்தில் உஸ்குதாரில், அதாவது வேறொரு கண்டத்தில் இறங்குகிறீர்கள்!

சாப்பாட்டில் ஹலால் பற்றிய கவலை குறைவு. என்றாலும் சில உணவகங்களில் மதுவும் விற்கிறார்கள். உட்காருமுன் பட்டியலைப் பாருங்கள். ‘லொகந்தா’ எனப்படும் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளில் சமைத்ததைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். பாஷை தேவையில்லை, விரலால் காட்டினால் போதும். பருப்பு சூப்பும் ரொட்டியும் வயிற்றை நிரப்பும். உறைப்புத்தான் இல்லை. ஒரு சிறிய போத்தலில் மிளகாய்த்தூள் கொண்டு போங்கள். என் மனைவியின் யோசனை அது. மூன்றாம் நாள் அதன் அருமை எனக்கு விளங்கியது.

தொழுகை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமது ஷாபிஈ மத்ஹபின்படி, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தால் கஸ்ர் செய்யும் சலுகை அங்கே முடிந்துவிடுகிறது. எனவே நாட்களைத் திட்டமிடும்போதே இதையும் கணக்கிலெடுங்கள். நாங்கள் இஸ்தான்பூலில் மூன்று நாட்களும் பின்னர் புர்ஸாவுமாக வகுத்துக்கொண்டோம். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழ வேண்டும். துருக்கியர் ஹனபிகள், பயணத்தில் இரண்டு தொழுகைகளை ஒரு நேரத்தில் சேர்த்துத் தொழுவது அவர்களுடைய மத்ஹபில் இல்லை. நீங்கள் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுவதை யாராவது வியப்போடு பார்த்தால் சங்கடப்பட வேண்டாம்.

நமது நாட்டில் நீண்ட பயணம் போகும் பெண்களின் நிலை உங்களுக்குத் தெரியும். பஸ் ஒரு பள்ளிவாசலருகே நிற்கும். ஆண்கள் இறங்கித் தொழுவார்கள். பெண்களுக்கு இடமிருக்கிறதா என்று யாரையாவது விசாரித்து வர வேண்டும், இல்லையென்றால் களா. இஸ்தான்பூலில் என் மனைவி எந்தப் பெரிய பள்ளியிலும் அப்படி விசாரிக்கவில்லை. ‘கதன்லார்’ என்றால் பெண்கள். அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு தானாகவே போனாள், வந்தாள். 1557இல் கட்டி முடிக்கப்பட்ட சுலைமானிய்யாவிலும் அப்படித்தான். உஸ்குதார் படகுத் துறையின் எதிரே நிற்கும் பள்ளியைக் கட்டுவித்தவரே ஒரு பெண், சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா. அதே உஸ்குதாரில் 2009இல் திறக்கப்பட்ட ஷாகிரின் பள்ளியின் உட்புறத்தை வடிவமைத்தவரும் ஒரு பெண்தான். நம் பள்ளிவாசல் நிர்வாகங்களில் இருப்பவர்கள் அங்கே ஒரு தடவை போய் வரட்டும். செலவுக்கு நாமே பணம் சேர்த்துக் கொடுக்கலாம்!

அயா சோபியா 2020 முதல் மீண்டும் பள்ளிவாசலாக இருக்கிறது. 2024இலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்தி மேல்மாடத்தைப் பார்க்கிறார்கள். தொழ வருவோர் வேறு வாசலால் கட்டணமின்றிக் கீழ்த்தளத்துக்குப் போகலாம். தொப்காபி அரண்மனைக்குச் செவ்வாயன்றும் பெரிய கடைத்தெருவுக்கு ஞாயிறன்றும் விடுமுறை. தெருவில் சப்பாத்துத் துடைப்பவர் முன்னே நடந்து தூரிகையைத் தவறவிடுவார். நீங்கள் இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கென்று உங்கள் சப்பாத்தைத் துடைத்துவிட்டுக் காசு கேட்பார். கண்டும் காணாமல் நடந்துவிடுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கிதாப், ஹிஸாப், ஸாஅத் எல்லாம் சற்று மாறிய உச்சரிப்பில் அங்கே அன்றாடப் பேச்சில் உண்டு. ஆனால் 1928இல் எழுத்தை மாற்றிவிட்டதால், தெரு நீர்த்தொட்டியில் அவர்களுடைய முன்னோர் பொறித்ததை அந்த ஊரவர் பலரால் வாசிக்க முடிவதில்லை. பொருள் முழுவதும் விளங்காவிட்டாலும் நான் எழுத்துக் கூட்டி வாசிப்பதை ஒரு முதியவர் அருகில் நின்று கேட்டார். என் மனம் கனத்தது. இன்னொரு சொல் மனதுக்கு இதமானது. அரபியில் ‘முஸாபிர்’ என்றால் பயணி. துருக்கியில் ‘மிஸாபிர்’ என்றால் விருந்தாளி. மதீனாவில் நபி (ஸல்) அவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்த அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்கள் முதிய வயதில் படையோடு வந்து மரணித்து அடங்கியிருப்பதும் இந்த நகரின் பழைய மதிலுக்கு வெளியே, அய்யூப் பகுதியில்தான். அங்கு ஸியாரத்துக்குப் பெண்கள் திரளாக வருகிறார்கள். தொழுகை இல்லாத நாட்களாயின் வெளியே மரநிழலில் அமர்ந்திருக்கலாம். அங்கே தேநீருக்கும் குறைவில்லை.

புர்ஸாவின் பெரிய பள்ளி 1400ஆம் ஆண்டளவில் முடிந்தது. இருபது குவிமாடங்கள். உள்ளே, நடுவிலேயே வுழூ செய்யும் நீர்த்தடாகம். அதற்கு மேலுள்ள குவிமாடம் முன்பு திறந்திருந்தது, இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார்கள். சுவரெங்கும் ஆளுயர அரபு எழுத்தணிகள். நான் அவற்றை வாசித்து முடிப்பதற்குள் அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். இந்த ஊருக்கு ஒரு நாள் போதாது, இரண்டு நாள் ஒதுக்குங்கள். மாரிகாலமானால் கம்பளி உடுப்பு அவசியம். உலுதாக் மலைப் பனி பக்கத்திலேயே இருக்கிறது.