ஒப்பேற்றுதல்

பழுதை எதிர்கொள்ளத் தமிழில் சொற்கள் பல: செப்பனிடுதல், பழுதுபார்த்தல், முட்டுக்கொடுத்தல், ஒட்டுப்போடுதல், ஒப்பேற்றுதல். முதலிரண்டும் பழுதை நீக்குகின்றன. மற்றவை, சற்றுப் பொறுத்திரு என்று அதனிடம் கேட்டுக்கொள்கின்றன.

1975-ஆம் ஆண்டு டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் மனைவியுடன் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். அடிக்கடி மக்கர் செய்த காரும், மலிவு விடுதிகளின் ஒழுகும் குழாய்களும், சட்டைப்பைக் கத்தியோடு ஒரு குறடும் இருந்திருக்கலாமே என்று அவரை ஏங்க வைத்தன. 1980-ல் காப்புரிமை பெற்றார்; 1983-ல் அக்கருவி விற்பனைக்கு வந்தது. ஆக, அது பிறந்ததே ஊர்விட்டு ஊர் வந்தவன் ஒப்பேற்றுவதற்காகத்தான்.

அவ்வகைக் கருவியொன்று நம் வாடகை வீட்டிலும் உண்டு. கைப்பிடி உடைந்த குழாயின் தண்டைக் குறட்டால் பற்றித் திருகினால் நீர் நிற்கும். கசியும் இணைப்பில் பழைய சைக்கிள் ட்யூப் கீற்றை இழுத்துச் சுற்றி, மேலே கட்டுக்கம்பியை முறுக்கினால் சில வாரம் தாங்கும். கதவுக் கீலின் திருகாணி பிடிக்காவிட்டால், துளையில் இரு தீக்குச்சிகளை ஒடித்துச் செருகித் திருப்புளியால் முடுக்கலாம். மின்சாரத்தில் மட்டும் கைவைப்பதில்லை. அக்கருவியின் உலோகப் பிடிக்குக் காப்புறை கிடையாது.

வீட்டு உரிமையாளர் வரும்போதெல்லாம், "இப்ப ஒழுகுதா சார்?" என்பார். ஒழுகவில்லை. "அப்புறம் என்ன, மெதுவாப் பாத்துக்கலாம்."

நாம் எவ்வளவு திறமையாக ஒப்பேற்றுகிறோமோ, அவ்வளவு தள்ளிப்போகிறது செப்பனிடல்.

நம் துறையில் ஒரு நண்பர் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர். நிரந்தரப் பணியிடம் நிரம்பும்வரைதான் என்று சொல்லி அமர்த்தப்பட்டவர். யாப்பிலக்கணத்தை அவரைப்போல் நடத்த அங்கு ஆளில்லை. அவர் நன்றாக நடத்துவதாலேயே காலியிடம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. வகுப்புகள்தாம் நடக்கின்றனவே! உரிமையாளரின் குரலை இங்கும் நாம் கேட்கிறோம்.

இப்போதெல்லாம் ஒப்பேற்றிய இடத்தில் தேதியை எழுதி வைக்கிறோம். மூன்று மாதம் கடந்தால் உரிமையாளரை அழைத்துக் காட்டுகிறோம். முகம் சுளித்தாலும், சென்ற மாதம் குழாய்க்காரரை அனுப்பினார்.

நண்பரும் தம் நியமன ஆணைகளை ஆண்டுவாரியாகக் கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார். பன்னிரண்டு தாள்கள். அவரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.