நோண்டினால் மட்டும் போதுமா?

ரேடியோவைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளைக்கு நம் வீடுகளில் கிடைக்கும் சொல் ஒன்றுதான்: "நோண்டாதே." அதில் நியாயம் இல்லாமலில்லை. வீட்டில் இருப்பது ஒரே ரேடியோ, கெட்டுப்போனால் செலவு. மென்பொருளில் அந்த நியாயம் செல்லாது. கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு எப்படி வேண்டுமானாலும் சிதைக்கலாம். கணினிக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதில் ஓர் இயங்குதளத்தை நிறுவி, குலைத்து, மறுபடி நிறுவலாம். தச்சருக்கு அறுத்த மரம் அறுத்ததுதான். நிரல் எழுதுகிறவருக்கு நேற்றைய நிலைக்குத் திரும்ப ஒரு கட்டளை போதும். ஆனால் தவறு மலிவாகிவிட்டதாலேயே கல்வி வந்துவிடாது. பத்து முறை அங்கும் இங்கும் மாற்றி, பதினோராவது முறை எப்படியோ ஓடிவிட்ட நிரல், ஏன் ஓடியது என்று தெரியாதவரை எதையும் கற்றுத்தரவில்லை. நோண்டியதை இன்னொருவருக்குப் புரியும் கேள்வியாக எழுத வேண்டி வரும்போதுதான் நோண்டல் கல்வியாகிறது என்பது என் கட்சி.

லினக்ஸ் இயங்குதளம் பிறந்த விதத்தை இதற்குச் சாட்சியாக அழைக்கலாம். அதைத் தனி மேதை ஒருவரின் கதையாகச் சொல்லியே பழகிவிட்டோம். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், புதிதாக வாங்கிய 386 கணினியின் உள்விவகாரங்களை அறிய நோண்டிக்கொண்டிருந்தார் என்பது உண்மைதான். அவர் என்னென்ன கேட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஜூலையில், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்கள் கூடும் செய்திக்குழுவில், இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரவிதிகள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். ஆகஸ்ட் 25 அன்று, பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகச் சொல்லி, மினிக்ஸில் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டார். எந்தக் கணினிக்காக எழுதுகிறார், பாஷ் 1.08 (கட்டளைகளை ஏற்கும் நிரல்), ஜிசிசி 1.40 (கம்பைலர்) இரண்டையும் அதில் ஓட வைத்தாயிற்று, வேறு வகைக் கணினிக்கு இது பெயராது என்பதெல்லாம் அந்தச் சில வரிகளிலேயே இருந்தன. அவ்வளவு தெளிவாகக் கேட்டவருக்குப் பதில் வந்ததில் வியப்பில்லை. ஆரி லெம்கே என்பவர் கோப்புகளை வைக்கச் சர்வரில் இடம் கொடுத்தார். அந்த இடத்துக்கு அவர் இட்ட 'லினக்ஸ்' என்ற பெயர்தான் நிலைத்தது. செப்டம்பரில் வெளிவந்த 0.01 பதிப்பு சுமார் 10,000 வரிகள். ஆண்டு முடிவில், 2 எம்பி நினைவகம் மட்டுமே கொண்ட ஒரு ஜெர்மானியப் பயனரின் கணினியில் கம்பைலர் ஓட மறுத்தது. அவருக்காக, வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்தும் வசதியைக் கிறிஸ்துமஸ் காலத்தில் எழுதிச் சேர்த்தார் டோர்வால்ட்ஸ். அது மினிக்ஸில்கூட இல்லாத வசதி. கற்றுக்கொடுத்தவர் யார், கற்றவர் யார்?

நல்ல மென்பொருள் சமூகங்கள் உடனே பதில் தருவதில்லை, திருப்பிக் கேட்கின்றன. ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் லேடெக்ஸ் மென்பொருளின் பயனர்களிடம் "என் ஆய்வேடு அச்சாகவில்லை" என்றால், அதே பிழையைக் காட்டும் பத்து வரிக் கோப்பு ஒன்றைக் கொண்டு வரச் சொல்வார்கள். இருநூறு பக்கத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வந்தால், பலருக்குக் கோளாறு வழியிலேயே அகப்பட்டுவிடும். கேள்வியை அனுப்ப வேண்டிய தேவையே இராது. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருளில் உள்ள 'பைசெக்ட்' கட்டளையும் இதே தந்திரம்தான்: ஆயிரம் மாற்றங்களில் கெடுத்தது எது என்பதைப் பத்துச் சோதனைகளில் பிடித்துவிடலாம்.

திருப்பிக் கேட்பது என்ற பெயரில் அவமதிப்பும் நடக்கிறதே என்றால், நடக்கிறது. கையேட்டைப் படித்துவிட்டு வா என்று துரத்துவது அங்கே நெடுநாள் வழக்கம். லினக்ஸின் கருவான கர்னலை எழுதும் குழுவிலும் வசை சகஜமாக இருந்தது. டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் தம் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கி இருந்தார். எந்தப் பதிப்பு, என்ன செய்தாய் என்று கேட்பது உதவி; இதுகூடத் தெரியாதா என்பது வெறும் திமிர். தாமே கற்றவர்களுக்கு அடிப்படை ஓட்டையாக இருக்கும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். டோர்வால்ட்ஸ் வெறுமனே நோண்டவில்லை. மினிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமின் பாடநூலைப் படித்துவிட்டு நோண்டினார். அதே டானன்பாம் 1992 ஜனவரியில் லினக்ஸின் வடிவமைப்பே காலாவதியானது என்று பகிரங்கமாகத் தாக்கியபோது, மாணவரால் நின்று வாதாட முடிந்தது. புத்தகமும் வேண்டும், முட்டி மோதவும் வேண்டும்.

எந்திரமே பதில் சொல்லும் காலத்தில் மனிதரிடம் ஏன் போக வேண்டும் என்கிறார்கள். பதில் மட்டும் போதுமென்றால் போக வேண்டாம். ஆனால் மனிதரிடம் கேட்காவிட்டால், உங்கள் 2 எம்பி சங்கடத்துக்காக யாரும் விடுமுறையில் உட்கார்ந்து எழுதப்போவதில்லை.

நம்மவர்க்கு இன்னொரு தடையும் உண்டு: ஆங்கிலம். நடந்ததைச் சொந்த வாக்கியத்தில் சொல்லும்போதுதான் கேள்வி கூர்மையாகிறது. பழகாத மொழியில் எழுதச் சொன்னால் மாணவர் திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே ஒட்டி, 'ப்ளீஸ் ஹெல்ப்' என்று முடித்துவிடுவார். கற்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் குதித்தாயிற்று. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கி வருகிறது. படிக்கக் கிடைக்கிறது, கேட்கத்தான் கூசுகிறோம். விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: யாராவது தமிழில் கேட்டால், "என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று தமிழிலேயே திருப்பிக் கேளுங்கள்.